கத்தி வைக்க முடியாத கட்டியும் மலைக் குளிரும்

கிழநாயின் கட்டியைப் பார்த்து "இதுல கத்தி வைக்க முடியாதுங்க" என்று கால்நடை டாக்டர் சொல்லும் ஒரே வாக்கியத்துக்கு மூன்று பொருள் உண்டு. கட்டி இருக்கும் இடம் அப்படி: இதயத்தின் அடிப்பகுதி, மூக்கின் உள்ளறை, சிறுநீர்ப்பையின் கழுத்து. இது ஒன்று. எடுத்தாலும் பயனில்லை, நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ ஏற்கெனவே பரவிவிட்டது. இது இரண்டு. பதின்மூன்று வயது இதயமும் சிறுநீரகமும் மயக்க மருந்தைத் தாங்காது, அல்லது அந்த ஆபரேஷனுக்கு வேண்டிய வசதி ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலைமேல் கிடையாது. இது மூன்று. எந்தப் பொருளில் சொன்னார் என்று அங்கேயே நின்று கேட்டுவிட வேண்டும். வசதிதான் இல்லை என்றால் கீழே இறங்கி இன்னொருவரிடம் காட்டிப் பார்க்கலாம். நாமக்கல்லிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மற்றபடி அந்தப் பயணத்தில் நாய்க்கு மிஞ்சுவது வாந்தி மட்டும்தான்.

வீட்டுக்குத் திரும்புமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இனப்பெருக்க உறுப்பிலோ மூக்கிலோ காலிஃபிளவர் மாதிரிச் சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும் கட்டி என்றால், அது இணைசேரும்போது நாய்க்கு நாய் ஒட்டிக்கொள்ளும் வகையாக இருக்கலாம். பார்க்கக் கோரமாக இருக்கும். ஆனால் வாரம் ஒரு வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் போட்டால் கரைந்துவிடும். இதைக் கைவிட்ட கேஸ் என்று நினைத்து வீட்டோடு வைத்துக்கொள்வதைப் போன்ற வீண் சோகம் வேறில்லை. மெல்லிய ஊசியால் குத்திச் செல்களை எடுத்து கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும், மயக்க மருந்து வேண்டியதில்லை. தகடுகளைக் காற்றில் உலர்த்திக் கூரியரில் லேபுக்கு அனுப்பலாம். சதைத் துண்டைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டில் இருக்கும் அதே பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது, அதன் ஆவி பட்டாலே தகடு கெட்டுப்போகும்.

ஒரு பக்க மூக்கில் ரத்தம் வந்தாலும் உடனே கட்டி என்று முடிவு கட்ட வேண்டாம். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் குடித்த நாயின் மூக்குக்குள் அட்டை போயிருக்கலாம். உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும். இந்த இரண்டையும் தள்ளிய பிறகுதான் கட்டியைப் பற்றிய பேச்சு.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. சமவெளியில் இருப்பவருக்கு இல்லாத ஒரு கஷ்டம் மலைவாசிக்கு உண்டு. ராத்திரி பத்து மணிக்கு நாய்க்கு மூச்சு வாங்கினால், பனிமூட்டத்தில் எந்த டாக்டரும் எஸ்டேட் ரோட்டில் ஏறி வரமாட்டார். அக்டோபர், நவம்பரில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் மருந்தும் மேலே ஏறாது. கொடைக்கானல் பக்கமும் வடகிழக்குப் பருவமழையில் இதே கதைதான். எனவே எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்னால் யோசிக்க வேண்டும்: மருந்து, போர்வை, கடைசி நாள் உட்பட.

முதலில் வலி. நாட்பட்ட வலியில் நாய் கத்தாது. கத்தவில்லை, அதனால் வலி இல்லை என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் தப்பு. மலையில் ஒரு வசதி இருக்கிறது: நாக்கைத் தொங்கப் போட்டு இளைப்பதைச் சமவெளியில் வெயில் என்று தள்ளிவிடலாம். ஊட்டியில் 10 டிகிரியில், படுத்த இடத்தில், ஒன்றும் செய்யாமல் நாய் இளைத்தால் அது வெயிலால் இல்லை. வலி, மூச்சுத் திணறல், பயம், அல்லது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, இவற்றில் ஒன்று. இன்னும் சில அடையாளங்கள்: எப்போதும் படுக்கும் பக்கத்தை விட்டு ஒரே பக்கமாகப் படுப்பது, படுக்கப்போய் மறுபடி எழுந்து நிற்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, கூரையில் குரங்கு குதித்தாலும் தலை தூக்காமல் கிடப்பது.

வலிக்கும் வீக்கத்துக்குமான மெலாக்சிகாம்தான் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவார்கள். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து கிலோவுக்கு 0.1 மி.கி., நாளுக்கு ஒரே வேளை, வயிற்றில் சாப்பாடு விழுந்த பிறகு. 20 கிலோ நாய்க்கு முதல் நாள் 4 மி.கி., பிறகு தினம் 2 மி.கி. மனிதர்களுக்கான மாத்திரை 7.5 மி.கி., 15 மி.கி. அளவில் வருகிறது. "அதே மருந்துதானே" என்று மெடிக்கலில் வாங்கி ஒரு 15 மி.கி. மாத்திரையை அப்படியே போட்டால், அது அந்த நாயின் ஒரு வாரத்துக்கு மேலான அளவு. மலம் தார் மாதிரிக் கறுக்கும், ரத்த வாந்தி வரும், சிறுநீரகம் போகும். மாடு வைத்திருக்கும் வீடுகளில் மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தும் பெரிய மாத்திரையும் மிச்சம் கிடக்கும். அதன் செறிவு வேறு, அதைத் தொடவே கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாய்க்கு விஷம் என்றே வைத்துக்கொள்ளலாம். பாராசிட்டமாலும் டாக்டர் அளவு சொன்னால்தான்.

மெலாக்சிகாம் தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, தொடங்கி இரண்டு வாரத்தில் மறுபடி ஒன்று. நாய் அன்றைக்குச் சாப்பிடவில்லை அல்லது வாந்தி எடுத்தது என்றால் அன்றைய மருந்தை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும்.

இன்னொரு விபத்து, இரண்டு டாக்டர் விபத்து. ஒருவர் மெலாக்சிகாம் எழுதியிருப்பார். பத்து நாள் கழித்து, பசிக்காகவும் வீக்கத்துக்காகவும் வேறொருவர் பிரெட்னிசலோன் எழுதுவார். இரண்டும் சேர்ந்தால் இரைப்பை புண்ணாகி ஓட்டையே விழலாம். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற நடுவில் சில நாள் இடைவெளி வேண்டும், பொதுவாக 5 முதல் 7 நாள். போகும்போதெல்லாம் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனால் போதும், இந்த விபத்து நடக்காது. பிரெட்னிசலோனைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மெலாக்சிகாம் போதாதபோது காபாபென்டின் சேர்ப்பார்கள். கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 8 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 20 கிலோ நாய்க்கு 100 மி.கி. கேப்சூல் ஒன்றில் தொடங்குவது வழக்கம். முதல் இரண்டு மூன்று நாள் தள்ளாடும், தூங்கிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் படிக்கட்டுப் பக்கம் தடுப்பு வைக்க வேண்டும். மனிதர்களுக்கான சிரப் வாங்கினால் லேபிளில் சைலிட்டால் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். அந்த இனிப்பு நாயின் ரத்தச் சர்க்கரையைக் கவிழ்த்துவிடும். டிராமடாலைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: வாய்வழி டிராமடால் நாய்களின் வலியை அவ்வளவாகக் குறைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. கசப்பு வேறு, எச்சில் ஒழுகும். அதை மட்டும் நம்பி ஒரு நாயை விட்டுவைக்கக் கூடாது.

எலும்பில் வந்த கட்டி என்றால் தனிக் கவனம். முன்காலில் தோளுக்குப் பக்கத்திலும் மணிக்கட்டுக்கு மேலேயும், பின்காலில் முழங்காலைச் சுற்றியும் அதிகம் வரும். அரித்துப்போன எலும்பு, திண்ணையிலிருந்து ஒரு படி இறங்கினாலே முறியும். மலைவீட்டில் ஏறி இறங்காமல் எங்கேயும் போக முடியாது. ஒரு மீட்டர் நீளமுள்ள பழைய துண்டை ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, பின்கால்களுக்கு முன்னால் அடிவயிற்றின் கீழ் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டால் பாதி எடையை நாம் தாங்கலாம். ஆண் நாயாக இருந்தால் துண்டு குறியை மூடாதபடி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நடந்துகொண்டே துண்டிலேயே மூத்திரம் போய்விடும். அடிவயிற்றில் கட்டி இருக்கிற நாய்க்கு இந்தத் துண்டு வேண்டாம். ஒரு கை மார்புக்கும் ஒரு கை பின்தொடைக்கும் கொடுத்துத் தூக்குங்கள். மண்ணீரல் கட்டியை அழுத்தினால் வெடிக்கும்.

அந்த மண்ணீரல் கட்டியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஏமாற்றும். ரத்தக் குழாய்ச் சுவரில் தோன்றும் ஹீமாஞ்சியோசார்கோமா, லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரிப் பெரிய நாய்களில் வயதான காலத்தில் வரும். நேற்று வரை ஓடிய நாய் இன்று காலையில் எழுந்திருக்காது. வயிறு உப்பியிருக்கும், ஈறு வெளுத்திருக்கும். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. கசிவு சின்னதாக இருந்தால் உடம்பே அந்த ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒன்றிரண்டு நாளில் நாய் எழுந்து வாலாட்டும். வீட்டில் எல்லாரும் "சரியாயிடுச்சு" என்பார்கள். சரியாகவில்லை, அடுத்த கசிவு வரும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் ஈறைப் பார்க்கப் பழக வேண்டும். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே தொடங்குங்கள், அப்போதுதான் அதன் சொந்த நிறம் உங்களுக்குத் தெரியும். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈறில் கட்டைவிரலை ஒரு நொடி அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு கறுப்பாக இருக்கும் நாட்டு நாய்களில் கீழ் இமையை இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் எல்லா ஈறும் வெளுத்த மாதிரிதான் தெரியும். காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துப் பார்ப்பதுதான் கணக்கு.

மூச்சுக் கணக்கும் அப்படித்தான். நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். சில நாளாக மெதுவாக ஏறிக்கொண்டே போனால் நெஞ்சில் நீரோ, நுரையீரலில் பரவலோ இருக்கலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் நான்கில் மூன்று பங்குதான். ஆரோக்கியமான நாய்க்கு அது பழகிப்போயிருக்கும். நுரையீரல் பாதி போன நாய்க்கு அந்தக் கால் பங்கு பெரிய இழப்பு. நெஞ்சிலோ வயிற்றிலோ சேர்ந்த நீரை டாக்டர் ஊசியால் எடுத்துவிட்டால் சில நாளாவது நிம்மதியாகத் தூங்கும். அதுவரை பக்கவாட்டில் படுக்க வைக்காமல், மார்பு தரையில் படும்படி குப்புறப் படுக்க வைத்து, முன்னங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுத்துத் தாடையைத் தாங்க வேண்டும்.

குளிரைப் பற்றிப் பேசாமல் மலையில் எந்தப் பராமரிப்பும் இல்லை. டிசம்பர், ஜனவரியில் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் காலைகளில், சதை கரைந்த நாய் நடுங்குவதற்கே தன் சக்தியைச் செலவழித்துவிடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை, அதன்மேல் நாலு அங்குல ஸ்பான்ஜ், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பருத்தித் துணி, கடைசியாகக் கம்பளி. பிளாஸ்டிக் விரிப்பு இல்லாமல் ஒரே ஒரு ராத்திரி விட்டால் போதும், ஸ்பான்ஜ் மூத்திரத்தைக் குடித்துவிடும், அப்புறம் மார்ச் மாதம் வரை காயாது. விரிப்புத் துணிக்கும் இதே பிரச்சினைதான்: மேகம் இறங்கிய வாரத்தில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது. குறைந்தது ஆறு துணி சுழற்சியில் இருந்தால்தான் தினமும் ஒரு உலர்ந்த துணி கிடைக்கும்.

வெந்நீர்ப் பை வைக்கும்போது கையை வைத்து நிதானமாகத் தாங்கக்கூடிய சூடுதான் இருக்க வேண்டும், இரண்டு மடிப்புத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும். சூடு பிடிக்காவிட்டால் நாய் விலகிக்கொள்ள இடம் இருக்கட்டும். விலக முடியாத நாய்க்கு அரை மணிக்கு ஒருமுறை நாம்தான் கையை விட்டுப் பார்க்க வேண்டும். ரோமத்துக்கு அடியில் தோல் வெந்திருப்பது இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். கரி அடுப்பைக் கதவு சாத்திய அறைக்குள் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். குளிர்காயக் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அவ்வப்போது வருகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு அது இன்னும் சீக்கிரம் எமனாகும்.

பிரெட்னிசலோன் சாப்பிடும் நாய் ராத்திரியில் இரண்டு மூன்று தடவை மூத்திரத்துக்கு எழும். கதவைத் திறந்து விட்டுவிட்டு நாம் உள்ளே நிற்கும் பழக்கம் மலையில் ஆகாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் சிறுத்தைக்கு நாய்தான் சுலபமான இரை. ஓட முடியாத கிழநாய் இன்னும் சுலபம். கரடியும் காட்டெருமையும் வாசல் வரை வருகிற ஊர்கள் இவை. பொழுது சாயுமுன் ஒரு நீண்ட நடை, படுக்குமுன் விளக்கோடும் கயிறோடும் ஆள் கூடவே போய் ஒரு முறை. நடுராத்திரிக்கு வீட்டுக்குள்ளேயே பழைய தகரத் தட்டில் மணலோ, பிளாஸ்டிக் தாளின்மேல் செய்தித்தாளோ போட்டுப் பழக்குங்கள். வாழ்நாள் முழுக்க வெளியே போய்ப் பழகிய நாய் முதலில் கூச்சப்படும். அதன் மூத்திரம் பட்ட மண்ணையே கொஞ்சம் தட்டில் போட்டு வைத்தால் புரிந்துகொள்ளும். மாத்திரையைக் காலையில் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொண்டால் ராத்திரித் தொல்லை பாதி குறையும்.

சிறுநீர்ப்பைக் கட்டி உள்ள நாய் என்றால் அடிக்கடி முக்கும், சொட்டுச் சொட்டாக வரும், ரத்தம் கலந்திருக்கும். இதற்கு பிராக்சிகாம் என்ற மருந்து கொஞ்ச காலம் கட்டியைக் கட்டுப்படுத்தும், அளவு டாக்டர் கையில். 12 மணி நேரமாக ஒரு சொட்டும் வரவில்லை, அடிவயிறு தேங்காய் மாதிரிக் கெட்டியாக இருக்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாத அவசரம் அது.

சாப்பாடு. கட்டி வந்த நாய்க்குச் சாதம் கொடுத்தால் புற்று வளரும், இதைக் கொடுத்தால் கரையும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கிழநாய் எதைச் சாப்பிடுகிறதோ அதுவே நல்ல சாப்பாடு என்பதுதான் என் கட்சி. 20 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 660 கலோரி வேண்டும். 250 கிராம் சோறு, 150 கிராம் எலும்பில்லாத வேகவைத்த கோழி, ஒரு முட்டை: கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். இதை நாலு வேளையாகப் பிரியுங்கள். வாசனை ஏறும்படி வெதுவெதுப்பாக வைக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் பத்து நிமிடத்தில் தட்டு ஜில்லிட்டுவிடும், ஜில்லிட்ட கோழியை முகர்ந்துவிட்டு நாய் போய்விடும். நாம் அதைப் பசியின்மை என்று எழுதி வைப்போம்.

உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் வடிவது, தட்டுக்கு வந்து முகத்தைத் திருப்புவது எல்லாம் குமட்டலின் அடையாளம். குமட்டும் நாய்க்கு விதவிதமாகச் சமைத்து நீட்டினால் சாப்பாட்டையே வெறுத்துவிடும். மாரோபிடன்ட் அல்லது ஆன்டான்செட்ரான் கேட்டு வாங்கிக் குமட்டலை முதலில் அடக்க வேண்டும். சிரிஞ்சில் கூழ் ஏற்றி வாயில் தள்ளுவது, விழுங்க முடியாத நாயில் நுரையீரலுக்குள் போகும். அதற்குப் பட்டினியே மேல். வெங்காயம், பூண்டு விழுந்த குழம்புச் சோறு, பிரியாணி மிச்சம் எதுவும் வேண்டாம், அவை ரத்த அணுக்களை உடைக்கும். பிரெட்னிசலோன் பசியில் நாய் திருடவும் தொடங்கும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் மேஜைமேல் வீட்டுச் சாக்லேட் திறந்தே கிடக்கும், அதைப் பூட்டி வையுங்கள். கறுப்புச் சாக்லேட் இருப்பதிலேயே மோசம்.

மாத்திரை விழுங்க வைக்க, கேழ்வரகுக் களிக்கு நிகரான கண்டுபிடிப்பு இல்லை. படுகர் வீடுகளில் ராகி ஹிட்டு என்று கிண்டுவது இதற்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். கெட்டியாகக் கிண்டி, ஆறியதும் நெல்லிக்காய் அளவில் மூன்று உருண்டை. மேலே கொஞ்சம் கோழிச் சாறு. முதல் உருண்டை வெறும் களி, நம்பிக்கைக்காக. இரண்டாவதில் மாத்திரை. அதை மெல்லத் தொடங்குமுன்பே மூன்றாவதை மூக்குக்கு முன்னால் காட்ட வேண்டும், அதன் அவசரத்தில் இரண்டாவதை அப்படியே விழுங்கிவிடும். மாத்திரை உருண்டையைப் பிடித்த விரலால் மற்றவற்றைத் தொடாதீர்கள், கசப்பு ஒட்டும். கேப்சூலைப் பிரித்துப் பொடியாகத் தூவினால் அன்றோடு களியையும் நம்பாது.

தண்ணீர் கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி., அதாவது 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டரை ஒட்டி. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றி, ராத்திரி மிச்சத்தைப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். பனிக்காலத்தில் வெந்நீர் கலந்து வையுங்கள், சில நாய்கள் பல் கூச்சத்தாலேயே குடிக்காமல் விடும். டாக்டர் சொல்லிக்கொடுத்தால் தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரை ஏற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். 20 கிலோவுக்கு ஒரு இடத்தில் 200 மி.லி. அளவு. பாட்டிலை வெந்நீர் வாளியில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ஏற்ற வேண்டும். பனியில் ஜில்லிட்ட பாட்டிலை அப்படியே ஏற்றினால் அடுத்த தடவை ஊசியைக் கண்டதும் ஓடும். தோள்பட்டை மேல் தொங்கும் வீக்கம் சில மணி நேரத்தில் வடியும். இதய நோய் இருக்கும் நாய்க்கு இது ஆகாது.

எடையைப் பார்ப்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. தேயிலைக் கொழுந்து எடைபோடும் தொங்குதராசில் கம்பளித் தூளி கட்டி நிறுத்தால் சரியாக வரும். வயிற்றுக் கட்டி உள்ள நாயை மட்டும் அப்படித் தொங்கவிடாமல், தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி நம் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் நீர் சேரும் நாய்க்கு முள் அசையவே அசையாது, உள்ளே சதை கரைந்துகொண்டிருக்கும். முதுகுத் தண்டின் இரு பக்கமும் விரலை ஓட்டிப் பாருங்கள், முள் முள்ளாகத் தட்டினால் எடை எவ்வளவு காட்டினாலும் நாய் மெலிந்திருக்கிறது.

வெளியே தெரியும் கட்டி ஒரு கட்டத்தில் தோலைக் கிழித்துப் புண்ணாகும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதை வெதுவெதுப்பாக ஊற்றிக் கழுவ வேண்டும். பஞ்சு வேண்டாம், நார் ஒட்டும். பாராஃபின் தடவிய வலைத்துணி, மேலே காஸ், அதன்மேல் பழைய டி-ஷர்ட். நாற்றம் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவால் வருவது. டாக்டர் சம்மதித்தால் மெட்ரோனிடசோலைப் பொடித்துத் தூவினால் இரண்டு மூன்று நாளில் குறையும். ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் "நின்னுடுச்சா" என்று தூக்கிப் பார்த்தால் உறைந்ததும் கூடவே வந்துவிடும். குளிர்ப் பிரதேசத்தில் ஈ இல்லை என்று நினைக்காதீர்கள், மார்ச் முதல் மே வரை வெயில் அடிக்கும் மதியங்களில் முட்டை வைத்துவிடும், ஒரே நாளில் புழு நெளியும். டர்பன்டைன், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்ற வேண்டாம். புழுவுக்கு எரிவதைவிட நாய்க்கு அதிகம் எரியும்.

எழ முடியாத நாயை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழங்கையும் இடுப்பெலும்பும் சிவந்தால் அன்றே கவனித்தால்தான் உண்டு.

இவ்வளவையும் எதில் குறிப்பது என்றால், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். கிழிக்கும் தாளின் பின்பக்கம்: சாப்பிட்டது, குடித்தது, மூச்சு, ஈறு, மருந்து. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்கள் கெட்ட நாட்களைவிட அதிகமா, இந்த ஏழுக்கும் தலா 10, நிலைமை மிக நன்றாக இருந்தால் முழு 10. கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு. ஒரே ஆள் மதிப்பெண் போட்டால் சரிவராது. சோறு வைக்கிறவர் எப்போதும் இரண்டு மார்க் கூடத்தான் போடுவார். வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவரும் தனியாகப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒப்பிடுங்கள்.

எண் இறங்கிக்கொண்டே போனால், டாக்டரிடம் கடைசி நாளைப் பற்றி, அதாவது ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை விடச் செய்வதைப் பற்றி, அந்த நாள் வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். வீட்டுக்கு வருவீர்களா, ஞாயிற்றுக்கிழமை முடியுமா, மழையில் ரோடு அடைபட்டால் யாரைக் கூப்பிடுவது. முதலில் ஒரு மயக்க ஊசி போட்டு நாய் முழுதாக அயர்ந்த பிறகுதான் நரம்பில் அடுத்த ஊசி போட வேண்டும். "ரெண்டு ஸ்டெப்பாத்தானே பண்ணுவீங்க டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. குளிரிலும் நீர் வற்றிய உடம்பிலும் நரம்பு சுருங்கிக்கிடக்கும், நாலைந்து தடவை குத்த வேண்டி வரும். டாக்டர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் முன்னங்காலை வெந்நீர்த் துணியில் சுற்றி வைத்தால் ஒரே குத்தில் கிடைக்கும். கண் மூடாது, திறந்தபடியே இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஓரிரு பெருமூச்சு வரலாம், மூத்திரம் போகலாம். அது வலியில்லை என்பதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

குழி குறைந்தது நாலடி, முடிந்தால் ஐந்தடி. ஊற்றுக்கும் ஓடைக்கும் மேல்பக்கச் சரிவில் தோண்டாதீர்கள். கீழே இருப்பவர் குடிக்கும் தண்ணீர் அது. மலை மண் ஈரத்தில் இளகும், காட்டுப்பன்றி கிளறும், அதனால் பாதி மண் தள்ளியதும் ஒரு வரிசை கல் அடுக்கி மறுபடி மண் போட்டு மூட வேண்டும். காட்டோரம் வீசிவிட்டு வருவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. மயக்க மருந்து ஊறிய உடலைத் தின்னும் பிராணியும் சாகும். நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பிணம் தின்னும் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. அவற்றைக் காப்பாற்றத்தான் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006-லும், கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் இரண்டும் 2023-லும் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யாத மருந்து. மிச்சமிருக்கும் காபாபென்டின் அட்டைகளைக் குப்பை மேட்டில் போடாமல் டாக்டரிடமே கொடுத்துவிடுங்கள். பிரிக்காத ரிங்கர் லாக்டேட் பாட்டில் இருந்தால் அதையும். அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்குத் தேவைப்படும்.